கலங்கல் கன்னியை எழுதியவளுக்கு

இன்று காலை பால் வாங்கப் போனேன். பெரியபாளையத்துக்குப் போகிற டிராக்டர் ஒன்று டயர் பஞ்சராகித் தெருமுனையில் நின்றிருந்தது. ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. வண்டி நிறைய வேப்பிலைக் கட்டுகள், அவற்றின் மேல் பெண்கள். சற்றுமுன் பெய்த தூறலில் இலைகளெல்லாம் நனைந்திருந்தன. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் கால் நகரவில்லை. வண்டியிலிருந்த ஒருத்தி குதித்து இறங்கி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா ஆயா, மயக்கமா? ஒக்காந்துக்கிறியா?"

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். நனைந்த வேப்பிலை என்றால் எல்லோருக்கும் ஆடி மாதமும் அம்மனும் நினைவுக்கு வரும். எனக்கு ஐப்பசி மாதமும் உன் முகமும்தான் நினைவுக்கு வரும். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உயிரோடிருந்தபோது உனக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. அடுத்தடுத்த வீட்டில் இருந்தவர்களுக்குக் கடிதம் எதற்கு? இன்று எழுதத் தோன்றுகிறது. உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது.

அறுபதுகளின் கடைசி வருஷங்கள் அவை. திருவள்ளூரில் பெண்கள் பள்ளியில் நீ பூகோள டீச்சர், நான் டிராயிங் டீச்சர். இரண்டு பேருக்கும் முப்பது ஆகவில்லை. உன் அப்பா பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் இருந்தார். மகள் ஏரிக்கரைக் கன்னிகளையும் ஊர் எல்லைப் பேய்களையும் வைத்து ஒரு மாத இதழில் மாயாஜாலத் தொடர்கதை எழுதுகிறாள் என்பது அவருக்குத் தெரியாது. தலைமையாசிரியைக்கும் தெரியாது. ஒரு ஆண் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டாய். அந்தப் பெயரைப் படித்தாலே தாடியும் கமண்டலமுமாக ஒருவர் கண்முன் வருவார். படங்கள் என்னுடையவை. அவற்றில் நான் கையெழுத்துப் போடுவதில்லை. சென்னையிலிருந்த பத்திரிகை ஆசிரியரைத் தவிர நம் ரகசியம் யாருக்கும் தெரியாது.

உன் நோட்டுப் புத்தகம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பன்னிரண்டு மாதத்துக்கும் பன்னிரண்டு பகுதி. எந்த மாதத்தில் எந்தத் தெய்வம் இறங்கி வருகிறது, எந்தக் காற்றில் எது கிளம்புகிறது, எந்த மழைக்கு முன்னால் எந்த ஊரில் பொங்கல் வைக்கிறார்கள் என்று பகுதிவாரியாக எழுதியிருப்பாய். சனிக்கிழமை தோறும் குடையை எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறிப் போய்விடுவாய். நாற்று நடுகிற பெண்களிடம் வரப்பில் உட்கார்ந்து கேட்டு வருவாய்.

"பருவக்காற்றைப் பற்றி வகுப்பெடுக்கிறவளுக்கு இதெல்லாம் எதற்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"காத்து எப்போ திரும்பும்னு இந்த ஜனங்களுக்கு நம்ம புஸ்தகத்துக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குடி. அதுக்கு ஒரு பேரை வெச்சுக் கும்பிட்டிருக்கா. அவ்வளவுதான்" என்றாய்.

அப்படி ஒரு சனிக்கிழமை கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ஏரிக்கரை ஊர் ஒன்றில் நீ கேட்டு வந்ததுதான் கன்னி கதை. அந்த ஊரின் பெயர் இங்கே வேண்டாம். ஐப்பசி மழையில் ஏரி நிரம்பும்போது ஏழு கன்னிகள் குளிக்க வருவார்களாம். ஆறு பேர் திரும்பிப் போய்விடுவார்கள். கடைசித் தங்கை மட்டும் கரையில் தங்கிக் காவல் இருப்பாள். ஏரி நிரம்பியதும் பெண்கள் அவளுக்குப் பூப் போட்டுப் பொங்கல் வைப்பார்கள். ஊர்க்காரர்கள் சொன்னது இவ்வளவுதான்.

மற்றதெல்லாம் நீ சேர்த்தது. ஏரியின் மிச்சத் தண்ணீர் வெளியேறும் இடத்துக்குக் கலங்கல் என்று பெயர். கடைசித் தங்கையை நீ 'கலங்கல் கன்னி' ஆக்கினாய். கரைக்குக் காவல் இருந்தவளைக் கரையை உடைக்க வருகிறவளாக மாற்றினாய். முன்பின் தெரியாத பெண்ணாக, நனைந்த புடவையோடு, வாய் பேசாமல் வருவாள். அவள் கரையின் மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்தால் கரை உடையும். வேப்பிலை சுற்றிய கயிற்றால் அவளைக் கட்டி நிறுத்தினால் ஊர் பிழைக்கும்.

"கட்டிப் போடணுமா? பொங்கல் வைக்கிற சாமியைப் போய்க் கட்டுவாங்களா?" என்று கேட்டேன்.

"கதைக்கு அந்தக் கயிறு வேணும்டி. கயிறு இல்லேன்னா யார் அடுத்த மாசம் வாங்கிப் படிப்பா?"

நான் அதற்கு மேல் வாதாடவில்லை. எனக்கும் ஒரு கவலை இருந்தது. கன்னிக்கு ஒரு முகம் வேண்டும். கோயில் சிலை மாதிரி வரைந்தால் உனக்குப் பிடிக்கவில்லை, சினிமாக்காரி மாதிரி வரைந்தால் எனக்குப் பிடிக்கவில்லை. அப்போதுதான் ஒரு கல்யாணத்துக்காகப் பொன்னேரி போனேன். பஸ் ஸ்டாண்டில் ஒருத்தி ஈச்சந் துடைப்பம் விற்றுக்கொண்டிருந்தாள். இருபது வயது இருக்கும். மோவாயில் மூன்று புள்ளி பச்சை குத்தியிருந்தாள். வாய் பேச வராது. விரலைக் காட்டித்தான் விலை சொன்னாள். நிறைமாத வயிறு. பஸ் வருகிறவரை அரை மணி நேரம் தூணுக்குப் பின்னால் நின்று அவள் முகத்தை வரைந்துகொண்டேன். அவளுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து அந்த முகத்தை, மூன்று புள்ளியோடு, கன்னிக்கு வைத்தேன். வயிற்றை விட்டுவிட்டேன். நீ படத்தைப் பார்த்துவிட்டு, "இவதான்டி! எங்கே பிடிச்சே?" என்றாய். "தானா வந்தது" என்று சொல்லிவிட்டேன்.

புரட்டாசி இதழில் கயிறு கட்டும் கட்டம் வந்தது. ஐப்பசியில் மழை பிடித்தது. விடாமல் அடித்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை, பிரார்த்தனை மணி அடிப்பதற்கு முன்னால், பத்திரிகை ஆபீஸிலிருந்து உனக்கு ஒரு கவர் வந்தது. உள்ளே வாசகர் எழுதிய தபால் கார்டு. நீ படித்துவிட்டு என்னிடம் நீட்டினாய்.

'ஐயா அவர்களுக்கு வணக்கம். தாங்கள் எழுதியபடியே கன்னி எங்கள் ஊருக்கு வந்துவிட்டாள். படத்தில் உள்ள அதே முகம். கட்டி வைத்திருக்கிறோம். பால் பழம் கொடுக்கிறோம். மழை நிற்கவில்லை. எப்போது விட வேண்டும் என்று அடுத்த இதழ் வரும்வரை காத்திராமல் உடனே எழுதவும்.'

அதே முகம் என்ற வார்த்தையை நான் மறுபடி மறுபடி படித்தேன். நீ கன்னி கதை கேட்டு வந்த அதே ஊரின் தபால் முத்திரை; அதிலிருந்த தேதியைத்தான் நீ பார்த்துக்கொண்டிருந்தாய். "மூணு நாள் ஆயிடுத்து" என்றாய். தலைமையாசிரியையிடம் என்ன பொய் சொன்னாய் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பத்து நிமிஷத்தில் நாம் செங்குன்றம் பஸ்ஸில் இருந்தோம். அங்கிருந்து கும்மிடிப்பூண்டி பஸ். காரனோடைப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. கீழே செம்மண் நிறத்தில் தண்ணீர். ரோட்டில் இறங்கி, முழங்கால் சேற்றில் இரண்டு மைல் நடந்து, ஏரிக்கரையில் ஏறும்போது நண்பகல் தாண்டிவிட்டது.

ஏரி கரையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. கலங்கலைத் தாண்டித்தான் போனோம். நீ அங்கே ஒரு நிமிஷம் நின்று பார்த்தாய். இரண்டு பனைமரங்கள் விழுந்து குறுக்கே கிடந்தன. முள்ளும் தழையும் வந்து அவற்றில் அடைத்துக்கொண்டிருந்தன. அவ்வளவு பெரிய ஏரிக்கு ஒரு வாய்க்கால் அளவு தண்ணீர்தான் வெளியேறியது.

கரை நடுவில் ஏழு கற்கள் நட்ட சின்னக் கோயில், முன்னால் கீற்றுப் பந்தல். பந்தலுக்கு வெளியே நாற்பது ஐம்பது பேர். உள்ளே தூணோடு சேர்த்து அவளைக் கட்டியிருந்தார்கள். கயிறு முழுக்க வேப்பிலை. கழுத்திலும் வேப்பிலை மாலை. எதிரே தட்டில் பழம் தொடாமல் கிடந்தது. நான் வரைந்த படத்தை இதழிலிருந்து கிழித்து, சுண்ணாம்புச் சுவரில் ஒட்டிக் குங்குமம் வைத்திருந்தார்கள். மூன்று புள்ளி. அவள்தான். கத்திக் கத்தித் தொண்டை போயிருந்தது. உதடு மட்டும் அசைந்தது.

கார்டு எழுதியவர் ஏரிக் காவல்காரர். ஐம்பது வயது, மெலிந்த ஆள். மாதாமாதம் டீக்கடையில் உன் கதையைச் சத்தம் போட்டுப் படித்துக் காட்டுகிறவர் அவர்தானாம். நீ அவர் எதிரில் போய் நின்றாய்.

"இந்தக் கதையை எழுதினது நான்தான். இவளை அவிழ்த்து விடுங்கோ."

அவர் உன்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். "இன்னாமா வெளாட்றியா? எழுதுனவரு பெரிய மகான். நீ ஏதோ டீச்சரம்மா மாரி கீற."

யாரோ சிரித்தார்கள். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். எனக்கு வேறு வழி தோன்றவில்லை. கற்பூரத் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்த கரித்துண்டை எடுத்து, ஒட்டிய படத்துக்குப் பக்கத்திலேயே சுவரில் அதே முகத்தை வரைந்தேன். கண், மூக்கு, மோவாய், மூன்று புள்ளி. முடிப்பதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். காவல்காரர் கைகூப்பினார்.

"அப்ப நீங்களே சொல்லுங்கம்மா. எப்ப உடலாம்?"

"இப்பவே. நான் எழுதினது பொய். கன்னியை யாரும் கட்டினதில்லை. கயிறு நான் சேர்த்தது."

"பொய்யா?" அவர் குரல் உயர்ந்தது. "மூணு நாளா இவ்ளோ மழ அடிக்குது, கரை நிக்குதே. அதுவும் பொய்யா? போன தபா ஒடைஞ்சப்ப என் பொண்ண இந்தத் தண்ணிதாம்மா இட்டுக்கினு போச்சு. ஒம்போது வயசு. ஊட்ல தூங்கிக்கினு இருந்துச்சு. நீ பொய்யின்னு சொல்லிட்டுப் பஸ் ஏறிப் பூடுவ. நாங்க எங்க போவோம்?"

கூட்டம் நெருங்கியது. யாரோ என் முழங்கையைப் பிடித்து இழுத்தார்கள். அந்த நேரத்தில்தான் அவளுடைய ரவிக்கையைக் கவனித்தேன். மார்பில் இரண்டு பக்கமும் ஈரம். பந்தலுக்குள் மழை ஒழுகவில்லை. மற்றபடி புடவையெல்லாம் காய்ந்துதான் இருந்தது. கிட்டே போனேன். வேப்பிலை வாசனையை மீறி வேறொரு வாசனை வந்தது.

"இது பாலு" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் கத்தினேன். "இவளுக்குக் குழந்தை இருக்கு! எங்கேயோ கைக்குழந்தை இருக்கு!"

"சாமிக்குப் பால் சுரக்குது, ஏரி ரொம்புது. நல்ல சகுனந்தானே" என்றார் ஒரு கிழவர்.

இடுப்பில் பிள்ளையோடு பின்னால் நின்றிருந்த ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். "நானும் மொத நாளே சொன்னேம்மா, இது சாமிப் பால் இல்ல, புள்ளக்காரி பாலுன்னு. யாரும் கேக்கல. வாய மூடுன்னுட்டாங்க."

இனிமேல் மறைக்க முடியாது என்று எனக்குத் தெரிந்தது. "இவளை எனக்குத் தெரியும். பொன்னேரி பஸ் ஸ்டாண்டில் துடைப்பம் விற்கிறவ. பேச வராது. நான் பார்த்தப்போ நிறைமாசம்" என்றேன்.

நீ சுவரிலிருந்த படத்தைப் பார்த்தாய். அவளைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். ஒன்றும் கேட்கவில்லை. காவல்காரர் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

"என்னைக் கட்டுங்கோ" என்றாய்.

"இன்னாம்மா?"

"அவளை விடுங்கோ. மழை நிக்கறவரைக்கும் அவ எடத்துல நான் உட்கார்றேன். கரை உடைஞ்சா முதல்ல நான் போறேன். பொய் எழுதினவ போகட்டும். சரிதானே?"

நீ சேற்றில் போய்த் தூணருகே உட்கார்ந்து காலை நீட்டினாய். பட்டு உடுத்தாத பெண் என்று உன் அம்மா உன்னைத் திட்டுவாளே, அந்த நீலக் கைத்தறிப் புடவை முழுக்கச் சேறு. காவல்காரர் கயிற்றை அவிழ்க்கும்போது நீ அவரிடம் இன்னொன்றும் சொன்னாய்.

"கன்னி கலங்கல் வழியாத்தான் ஏரியை விட்டுப் போவா. அந்த வழியில ரெண்டு பனைமரம் கிடக்கறது. வழியை அடைச்சுண்டு அவளை இங்கே கட்டி வெச்சா தண்ணி எந்தப் பக்கம் போகும்? போய் மரத்தை எடுங்கோ."

அது கதையா பூகோளமா என்று நான் யோசித்துக்கொண்டு நிற்கவில்லை. "நீ குழந்தையைத் தேடு, போ" என்று நீ கத்தியதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். சில அடி போனதும் அவள்தான் என்னை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

ரோட்டில் ஒரு செங்கல் லாரிக்காரன் நிறுத்தினான். கவரைப்பேட்டையில் இறங்கிப் பொன்னேரி பஸ்ஸைப் பிடித்தோம். பஸ் முழுக்க அவள் என் மணிக்கட்டை விடவில்லை. நகம் பதிந்து ரத்தம் வந்தது. பொன்னேரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு டீக்கடை. கடைக்காரரின் மனைவி குழந்தையை மடியில் போட்டுத் துணித் திரியை ஆட்டுப்பாலில் நனைத்து உதட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும், "எங்கடி பூட்ட? துடைப்பம் வித்துட்டு சாயங்காலம் வந்துர்றேன்னு கையக் காட்டிட்டுப் போனவ நாலு நாளா..." என்று ஆரம்பித்தவள், கழுத்திலிருந்த வேப்பிலை மாலையைப் பார்த்து நிறுத்திவிட்டாள்.

இரண்டு மாதக் குழந்தை. தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. தாய் மார்பில் வைத்தாள். அது வாயைத் திறக்கவில்லை. மறுபடி வைத்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டது. டீக்கடைப் பெண் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். தாய் பாலைப் பீய்ச்சி உதட்டில் தடவி மூன்றாவது தடவை வைத்தாள். நாக்கு அசைந்தது. பிடித்துக்கொண்டது. பிறகு அந்தச் சத்தம், மூச்சு முட்ட முட்டக் குடிக்கிற சத்தம். நான் மழையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"நீ யாரும்மா?" என்று டீக்கடைப் பெண் கேட்டாள்.

"டீச்சர்" என்றேன்.

மறுநாள் காலை நான் திரும்பி வந்தபோது கலங்கலில் தண்ணீர் இரைந்து விழுந்துகொண்டிருந்தது. கழுத்தளவு தண்ணீரில் இறங்கி இருபது பேர் மரங்களை இழுத்துப் போட்டிருந்தார்கள். ஏரி ஒரு முழம் இறங்கியிருந்தது. நீ தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். காலில் கயிறு. உடம்பு நெருப்பாகக் கொதித்தது. இரவு மழையில் பந்தல் ஒழுகத் தொடங்கியிருந்தது; காவல்காரர் உன் தலைக்கு மேல் உன் குடையையே பிடித்துக்கொண்டு நின்றார்.

"குழந்தை?" என்றாய்.

"குடிச்சுது" என்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய்.

"போதும்மா, அவுத்து உட்டுர்றேன்" என்று அவர் கெஞ்சினார். மழை நிற்கவில்லையே என்று மறுத்துவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் வெயில் வந்தது. முடிச்சு ஈரத்தில் ஊறி இறுகியிருந்தது. அவர் பல்லால் கடித்து அவிழ்த்தார். அவிழ்த்தபின் உன் காலைப் பிடித்துக்கொண்டு தன் மகள் பெயரைச் சொல்லி அழுதார்.

மூன்று வாரம் காய்ச்சலில் கிடந்தாய். ஊர் முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது. உன் அப்பா ரசம் சாதம் பிசைந்து வந்து தலைமாட்டில் வைத்துவிட்டுப் போவார். பத்திரிகை ஆசிரியர் கதையை இன்னும் ஒரு வருஷம் நீட்டச் சொன்னார். நீ ஒரே ஒரு அத்தியாயம் எழுதினாய். அதில் காவல்காரன் கயிற்றை அவிழ்க்கிறான், கன்னி தன் வழியே போகிறாள். அதற்குப் பிறகு நீ ஒரு வரி எழுதவில்லை. எழுபதுகளில் எத்தனையோ பேர் கேட்டுப் பார்த்தார்கள். நீ வகுப்பில் மழையைப் பற்றி மட்டும் பேசினாய்.

இப்போதும் கன்னிகளும் முனிகளும் வருகிற மாயக்கதைகள் கெட்டி அட்டையோடு வருகின்றன. பேத்தி படிக்கிறாள். நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் அட்டையில் ஒரு முகத்தைப் பார்த்தால் இவள் யார், இவளைக் கேட்டார்களா என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நான் அதற்குப் பிறகு கேட்காமல் யார் முகத்தையும் வரைந்ததில்லை.

அந்த முகத்தைப் பற்றி நாற்பது வருஷத்தில் நீ என்னிடம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. பழியெல்லாம் உன் கயிற்றுக்கே போகட்டும் என்று விட்டுவிட்டாய். நானும் அப்படியே விட்டுவிட்டேன். மழைக்காலம் வந்தால் மட்டும், "குழந்தை குடிச்சதைச் சொல்லுடி" என்பாய். அந்த நேரத்தில் நீ கரையில் கட்டுண்டு கிடந்தாய்; பார்த்தது நான் மட்டும்தான். முதல் தடவை, இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை என்று சொல்வேன். ஆஸ்பத்திரியிலும் கடைசி வாரம் கேட்டாய். சொன்னேன். கூடவே எப்போதும் கேட்கிற அடுத்த கேள்வியையும் கேட்டாய். "அவ நம்மளை என்ன நெனச்சிண்டிருப்பா?"

"பொன்னேரி போறப்பெல்லாம் பார்க்கிறேன். உன்னை விசாரிப்பா. கையைக் காட்டிச் சிரிப்பா" என்றேன். நாற்பது வருஷமாக அதையேதான் சொல்லி வந்தேன்.

அது நடக்கவில்லை. குழந்தை நடக்கத் தொடங்கிய சமயத்தில் நான்கு தடவை போனேன். முதல் தடவை என்னைக் கண்டதும் துடைப்பங்களை அப்படியே போட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். மற்ற மூன்று தடவையும் அதேதான். டீக்கடைப் பெண், "உன்னப் பாத்தா அவளுக்குக் குலை நடுங்குதும்மா, வராத" என்றாள். பிறகு நான் போகவில்லை. அவள் நம்மை மன்னிக்கவில்லை. மன்னிக்க வேண்டும் என்று கேட்கிற தூரத்துக்குக்கூட என்னை விடவில்லை. அவளுக்கு அதற்கு உரிமை இருக்கிறது.

எனக்குக் கதை கட்ட வராது என்று நீ அடிக்கடி சொல்வாய். வந்தது. உனக்காக ஒன்றே ஒன்று கட்டினேன். நீ அதை நம்பிக்கொண்டு போனாயா, தெரிந்தே கேட்டுக்கொண்டிருந்தாயா என்று தெரியவில்லை. இன்று உன்னிடம் சொல்லிவிட்டேன். அவள் ஓடிய ஓட்டம் மட்டும் இனி என்னிடம் இருக்கட்டும்.